‘இயல்பான பார்வை’ என்று விற்கப்படும் விஆர் மென்பொருள்: வாங்குமுன் கவனிக்க

சாதாரணக் கணினி விளையாட்டுகளை விஆர் (மெய்நிகர் உண்மை) ஹெட்செட்டில், அதாவது கண்களை மூடித் தலையில் அணியும் திரைக் கருவியில், இயல்பான பார்வையுடன் ஆடலாம் என்று விளம்பரப்படுத்தப்பட்ட ஒரு மென்பொருளை அண்மையில் வாங்கினேன். தலையைத் திருப்பினால் விளையாட்டுக்குள் இருக்கும் கேமராவும் திரும்பும், குனிந்து எட்டிப் பார்த்தால் அதுவும் எட்டிப் பார்க்கும் என்பது விற்றவர்கள் தந்த உறுதி.

தலையின் அசைவில் மூன்று சுழற்சிகளும் (பக்கம் திரும்புதல், மேலும் கீழும் பார்த்தல், தோள்பக்கம் சாய்த்தல்) மூன்று இடப்பெயர்ச்சிகளும் (முன்பின், பக்கவாட்டு, மேல்கீழ் நகர்வு) உண்டு. இந்த மென்பொருளோ சுழற்சியை மட்டும், அதையும் மவுஸ் அசைவாக மாற்றி, விளையாட்டுக்குள் அனுப்புகிறது. மவுஸால் தோள்பக்கச் சாய்வைச் சொல்ல முடியாது என்பதால், தலையைச் சாய்த்தால் அடிவானமும் கூடவே சாய்ந்துவிடுகிறது. மேசைமேல் இருப்பதைக் குனிந்து பார்க்க முயன்றால், மேசை அதே தூரத்துக்குப் பின்வாங்குகிறது. மவுஸ் சொல்வது ‘இவ்வளவு நகர்’ என்பதை மட்டுமே. ‘இங்கே பார்’ என்பதை அல்ல. அதனால் சிறுசிறு பிழைகள் சேர்ந்து, நேராக உட்கார்ந்திருக்கும்போதே காட்சி பக்கவாட்டில் விலகிக் கிடக்கிறது. ஓக்குலஸ் ரிஃப்ட் என்ற விஆர் ஹெட்செட்டின், மென்பொருள் உருவாக்குபவர்களுக்காக 2013இல் வந்த முதல் மேம்பாட்டுக் கருவியில் இடப்பெயர்ச்சியைக் கண்காணிக்கும் வசதி இல்லை. 2014இன் இரண்டாம் கருவியிலேயே அது வந்துவிட்டது. அந்தப் பழைய குறையைத்தான் புதுமை என்று விற்கிறார்கள்.

தலை அசைந்து ஏறத்தாழ 20 மில்லிநொடிக்குள் காட்சி மாற வேண்டும் என்பது இத்துறையில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. மவுஸ் வழியாகச் சுற்றிவரும் காட்சி கண்கூடாகவே தாமதமாக வந்தது. உட்காதின் சமநிலை உணர்வும் கண் காண்பதும் முரண்பட்டுக் குமட்டல் எடுத்தது. முறையிட்டதற்கு “போகப் போகப் பழகிவிடும்” என்றார்கள். பணத்தைத் திரும்பக் கேட்டபோது, உரிமக் குறியீட்டைச் செயல்படுத்திவிட்டதால் தர இயலாது என்றார்கள். செயல்படுத்தாமல் அதைச் சோதித்துப் பார்க்கவே வழியில்லை!

அவர்களுடைய விளம்பரக் காணொளியை நம்ப வேண்டாம். தட்டைத் திரையில் இந்தக் குறைகள் எதுவும் தெரியாது. இலவச முன்னோட்டப் பதிப்பைக் கேளுங்கள். தலையைச் சாய்க்கும்போது அடிவானம் மட்டமாகவே நிற்கிறதா, பக்கவாட்டில் நகரும்போது அருகிலுள்ள பொருள் பின்னணியைவிட அதிகமாக விலகுகிறதா, பலமுறை திரும்பிவிட்டு நேராக வந்தால் காட்சியும் நேராகிறதா என்று பாருங்கள்.

என் புகாருக்குப் பிறகு ‘எட்டிப் பார்க்கலாம்’ என்ற வரி விளம்பரத்திலிருந்து சத்தமில்லாமல் நீக்கப்பட்டுள்ளது. ஏற்கெனவே வாங்கியவர்கள் பழைய விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் இருந்தால் அழித்துவிடாதீர்கள். பணம் செலுத்திய அட்டை நிறுவனத்திடம் முறையிடும்போது அது சான்றாக உதவும்.