ஸ்பானிய அரச கழகத்தின் இணைய அகராதி: பணம் செலுத்தும் வினைகளைத் தேடிய அனுபவம்

மாட்ரித்தில் தங்கியிருந்த தொடக்க நாட்களில், வங்கிக் கணக்கு விவரத்தில் ஒரு தொகைக்கு நேராக 'அபோனோ' என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்து, அபோனார் என்றால் பணம் கட்டுவது என்று படித்திருந்ததால், என் கணக்கிலிருந்து அந்தத் தொகை போய்விட்டதாக எண்ணிப் பதறினேன். உண்மையில் அது எனக்கு வந்து சேர்ந்த பணம். நான் பயின்ற கைபேசிச் செயலி பணம் கொடுப்பதைக் குறிக்கும் 'பகார்' என்னும் ஒரு வினையை மட்டுமே ஒழுங்காகக் கற்றுத் தந்திருந்தது. அன்றுதான் ஸ்பானிய மொழிக்கென 1713இல் நிறுவப்பட்ட ஸ்பானிய அரச கழகத்தின் அகராதியை இணையத்தில் திறந்தேன். அதன் 23ஆம் பதிப்பு 2014இல் வெளிவந்தது. இணைய வடிவம் கட்டணமின்றிக் கிடைப்பதோடு, அவ்வப்போது திருத்தப்பட்டும் வருகிறது.

என் குழப்பத்தை அபோனார் பதிவே தீர்த்துவைத்தது. 'நல்ல' என்று பொருள்படும் பூயெனோ என்ற சொல்லிலிருந்து பிறந்த இவ்வினைக்கு, ஒருவருக்காக உறுதி கூறுதல், நிலத்துக்கு உரமிடுதல், கணக்கில் சேர்த்தல், பணம் செலுத்துதல் எனப் பல பொருள்கள் உண்டு. நம் கணக்கேட்டில் 'வரவு வைத்தல்' என்று எழுதுவோமே, அதுதான் இது என்று பிடிபட்டதும், கட்டணம் கட்டுபவரும் வங்கியும் ஒரே சொல்லை எப்படிப் பயன்படுத்த முடிகிறது என்பது விளங்கிவிட்டது. ரசீதுகளிலும் அறிவிப்புகளிலும் காணப்படும் சற்றே விறைப்பான சொல் அது. தேநீருக்குக் காசு கொடுக்கும்போது யாரும் அதைச் சொல்வதில்லை.

பகார் என்பதன் வேர் 'அமைதிப்படுத்து' என்னும் பொருளுடைய லத்தீன் சொல் என்று அகராதி காட்டுகிறது. கடன் கொடுத்தவரின் மனத்தை ஆற்றுவதுதான் பணம் கொடுப்பது என்ற அந்த எண்ணத்தைப் படித்தபின் இவ்வினை எனக்கு மறக்கவேயில்லை. கோப்ரார் இதற்கு எதிர்ப்பக்கம் நிற்பது, அதாவது பணத்தைப் பெறுவது. ஸ்பெயினின் உணவகங்களில் வாடிக்கையாளர் எழுந்து நின்று 'மே கோப்ரா?' என்று கேட்பார். 'காசு எடுத்துக்கொள்ளுங்கள்' என்று நாம் கல்லாவில் சொல்வதில் உள்ள அதே பணிவு அதில் இருக்கிறது. கோஸ்தெயார், சுஃப்ராகார் இரண்டும் ஒரு படிப்பின் செலவையோ ஒரு விழாவின் செலவையோ ஏற்றுக்கொள்வதைக் குறிக்கும். சால்தார் பாக்கியைத் தீர்ப்பது.

ஆனால் எந்தச் சொல்லை எங்கே, யாரிடம் சொல்வது என்று தேடுபவருக்கு இந்த அகராதி மட்டும் போதாது. 2023இல் இதில் இணைச்சொற்களையும் சேர்த்தது பெரிய உதவிதான். எனினும் அவை ஒரே வரிசையில் நிற்பதால், அவற்றுள் எது பேச்சுக்குரியது, எது அலுவலகத்துக்குரியது என்று புதிதாகக் கற்பவர் பிரித்தறிய இயலாது. கான்செலார் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஸ்பெயினில் அதைக் கேட்டால் முன்பதிவை ரத்து செய்வதே முதலில் நினைவுக்கு வரும். கொலம்பியாவிலோ கடைக்காரர் 'கான்செலார்' என்றால் பில் தொகையைக் கட்டச் சொல்கிறார் என்று பொருள். அங்கே செல்பவர்கள், ஸ்பானிய மொழிக் கழகங்களின் சங்கம் 2010இல் வெளியிட்ட, அமெரிக்கக் கண்டத்து ஸ்பானிய வழக்குச் சொற்களின் அகராதியையும் சேர்த்துப் பார்ப்பது அவசியம். அதுவும் இணையத்தில் இலவசமே.

நான் மிகவும் விரும்பிப் படித்தது இன்விதார் பதிவை. 'அழைத்தல்' என்ற பொருளோடு நின்றுவிடாமல், அன்பின் பொருட்டு மற்றவரின் செலவைத் தானே கொடுத்தல் என்பதையும் அது தனிப்பொருளாகத் தருகிறது. அதனால்தான் மேசைக்கு பில் வந்ததும் நண்பர் 'தே இன்விதோ' என்று சொன்னால், அவர் புதிதாக எங்கும் அழைக்கவில்லை; நம் பணப்பையை உள்ளே வைக்கச் சொல்கிறார்.