டிஸெபிலிட்டி லாயர்: ரெண்டு ஆபீஸ் பாத்தாச்சு, ஒண்ணுக்குதான் ஸ்டார்

எங்க வீட்டுக்காரர் நியூஜெர்சில ஒரு வேர்ஹவுஸ்ல பதினெட்டு வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினவர். முதுகுல ஆபரேஷன் பண்ணியும் வலது கால் மதமதப்பு போகல, 2022 மார்ச்சோட வேலைய விட்டுட்டார். உடம்புக்கு முடியாம வேலைய விட்டவங்களுக்கு அமெரிக்க கவர்மென்ட் மாசாமாசம் பணம் தர்ற சோஷியல் செக்யூரிட்டி டிஸெபிலிட்டிக்கு ஜூன்ல அப்ளை பண்ணோம், தீர்ப்பு வந்தது 2025 பிப்ரவரி. நடுவுல ரெண்டு லாயர் ஆபீஸ். ரெண்டு பேரோட பேரையும் இங்க போடல. ஆனா யார்கிட்ட என்ன நடந்துச்சுன்னு சொல்றேன், இப்ப லாயர் தேடிட்டு இருக்கவங்களுக்கு ஆகும்.

முதல்ல காசு விஷயத்த முடிச்சிடுறேன், ஏன்னா எல்லாரும் கேக்குறது அதத்தான். இந்த கேஸ்ல லாயருக்கு லாயர் ஃபீஸ்ல பெருசா வித்தியாசம் கிடையாது. ஜெயிச்சாதான் ஃபீஸ். பழைய மாசங்களுக்கு சேத்து வர்ற பேக் பேல 25 சதவீதம், இல்லன்னா கவர்மென்ட் வச்சிருக்க உச்ச வரம்பு, ரெண்டுல எது கம்மியோ அது. வரம்பு ரொம்ப நாளா 6,000 டாலரா இருந்துச்சு, 2022 நவம்பர் 30லேர்ந்து 7,200, 2024 நவம்பர் 30லேர்ந்து 9,200. அதையும் சோஷியல் செக்யூரிட்டியே பிடிச்சு நேரா லாயருக்கு அனுப்பிடும், நாம செக் எழுத வேண்டியதில்ல. அதனால "எங்ககிட்ட முன்பணம் ஒண்ணும் கிடையாது, தோத்தா ஃபீஸ் இல்ல"ன்னு விளம்பரத்துல பெருசா சொல்றாங்கல்ல, அது அவங்க தர்ற சலுகை இல்ல, ஊர்ல எல்லார்கிட்டயும் அதான். விலை ஒண்ணா இருக்கும்போது அப்புறம் என்னத்த பாத்து ஆள எடுக்குறது? நம்ம ஃபைல யார் படிக்கப் போறாங்கன்னுதான்.

அது எனக்கு ஒண்ணரை வருஷம் லேட்டா புரிஞ்சுது.

முதல் ஆபீஸ் டிவில விளம்பரம் வர்ற பெரிய ஆபீஸ். போன் பண்ண அன்னிக்கே 1696ங்கிற ஃபார்ம் வந்துச்சு, இவங்கதான் எங்க ரெப்ரசன்டேட்டிவ்னு சோஷியல் செக்யூரிட்டிக்கு சொல்ற ஃபார்ம், போன்லயே கையெழுத்து போட்டாச்சு, அஞ்சு நிமிஷம். அதுக்கப்புறம் லாயர்னு ஒருத்தர்கிட்ட நாங்க பேசவே இல்ல. கேஸ் மேனேஜர், அவங்க போய் இன்னொரு கேஸ் மேனேஜர், அவரும் போய் மூணாவது ஆள், ஒவ்வொரு தடவையும் ஆபரேஷன் தேதிலேர்ந்து கதைய மறுபடி சொல்லணும். (லாயர் இல்லாதவங்களும் இந்த கேஸ்ல ஆஜராகலாம், அதுல தப்பு இல்ல, நல்லா பண்றவங்களும் இருக்காங்க. ஃபெடரல் கோர்ட் வரைக்கும் போனாத்தான் நமக்காக ஆஜராகுறவர் கண்டிப்பா லாயரா இருக்கணும். எங்க பிரச்சன பட்டம் இல்ல, எங்கள யாருக்கும் தெரியலங்கிறது.)

பெரிய அடி ஃபங்ஷன் ரிப்போர்ட்ல விழுந்துச்சு. தினசரி என்னென்ன செய்ய முடியுதுன்னு கேக்குற ஃபார்ம், 3373. அவங்க ஆள் போன்ல கேட்டு கேட்டு நிரப்பினாங்க. "சமைப்பீங்களா?" இவர் "ஓ, சமைப்பேனே"ன்னார். நம்ம ஆம்பளைங்களுக்கு முடியலன்னு வெளியாள்கிட்ட சொல்ல வாய் வராது, டாக்டர் "எப்படி இருக்கீங்க"ன்னு கேட்டாலே "ஃபைன், ஃபைன்"னு சொல்லிட்டு வருவார், அவங்களும் நோட்ஸ்ல பேஷன்ட் நல்லா இருக்கார்னு எழுதி வச்சிருக்காங்க. ஃபார்ம்ல என்ன ஏறுச்சுன்னா, தினமும் சமைக்கிறார், ஒரு மணி நேரம். நிஜம் என்னன்னா ஸ்டூல்ல உக்காந்து பீன்ஸ் நறுக்குவார், நடுவுல ரெண்டு தடவ போய் படுத்துட்டு வருவார், குக்கர தூக்கி அடுப்புல வைக்கிறது நான். அந்த ஒரு மணி நேரத்துல படுத்த நேரமும் சேத்தி. கேக்குறவங்க இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தா வெளிய வந்திருக்கும்.

2023 ஜனவரில ரிஜெக்ட். மறுபடி பாருங்கன்னு ரீகன்சிடரேஷன் போட்டு செப்டம்பர்ல அதுவும் ரிஜெக்ட். ஒவ்வொரு ரிஜெக்டுக்கும் 60 நாளுக்குள்ள அப்பீல் பண்ணணும், போஸ்ட்டுக்குன்னு அஞ்சு நாள் சேத்துக்குவாங்க. 41வது நாள் வரைக்கும் அந்த ஆபீஸ்லேர்ந்து ஒரு போன் இல்ல. அன்னிக்கு ராத்திரிதான் மாத்திடலாம்னு முடிவு பண்ணோம்.

மாத்துறது சுலபம்னு நெனைக்காதீங்க. மூணு லாயர் எடுத்த எடுப்புல முடியாதுன்னுட்டாங்க, ஏன்னா பழைய ஆபீஸும் ஃபீஸ்ல பங்கு கேட்டா சாதாரண ஃபீஸ் ஒப்பந்தம் செல்லாது, தனித்தனியா பெட்டிஷன் போட்டு வாங்கணும், அந்த தலவலி யாருக்கும் வேணாம். நாலாவதா பேசினவர்தான் வழி சொன்னார், பழைய ஆபீஸ்ல ஃபீஸ் வேணாம்னு எழுதி வாங்கிட்டு வாங்க, நான் எடுத்துக்குறேன்னு. ரெண்டு ரூம் ஆபீஸ், அவரும் ஒரு ரிசப்ஷனிஸ்டும். பழைய ஆபீஸ் கேட்டவுடனே எழுதி குடுத்துடுச்சு, அதுல எனக்கு லேசா கோபம்கூட வந்துச்சு, இந்த கேஸ்ல ஒண்ணும் தேறாதுன்னு முடிவே பண்ணிட்டாங்க போல.

இந்த புது லாயர் முதல் நாளே ஹியரிங், அதாவது ஜட்ஜ் விசாரணை, கேட்டு அப்பீல் போட்டுட்டார், அப்புறம் ஃபைல வரவழைச்சு ரெண்டு வாரம் கழிச்சு கூப்பிட்டார், ஒண்ணே முக்கால் மணி நேரம் பேசினார். ஃபைல்ல ஆபரேஷனுக்கு அப்புறம் எடுத்த எம்ஆர்ஐ ரிப்போர்ட்டே இல்ல, யாரும் கேட்டு வாங்கல! அத வாங்கினார். டாக்டர்கிட்ட ஒரு ஃபார்ம் அனுப்பினார், எட்டு மணி நேரத்துல எவ்ளோ நேரம் நிக்க முடியும், உக்கார முடியும், எவ்ளோ எடை தூக்க முடியும்னு எண்ணா கேக்குற ஃபார்ம். டாக்டர் நிக்கிறதுக்கு ரெண்டு மணி நேரம்னு போட்டார். எல்லாத்தையும் ஹியரிங்குக்கு அஞ்சு வேலை நாளுக்கு முன்னாடியே உள்ள குடுத்துட்டார், லேட்டா குடுத்தா ஜட்ஜ் பாக்காமலே விடலாமாம்.

இன்டர்பிரட்டர் கேட்டதும் இவர்தான், காசு கிடையாது, சோஷியல் செக்யூரிட்டியே ஏற்பாடு பண்ணும். பழைய ஆபீஸ் "நல்லா இங்கிலீஷ் பேசுறாரே"ன்னு விட்டுட்டாங்க. இங்கிலீஷ்ல எங்க வீட்டுக்காரருக்கு இருக்குறது "லெக் பெயின்" ஒண்ணுதான். ஹியரிங்ல தமிழ்ல பேச விட்டதும் மதமதன்னு இருக்கும், பாதம் தரைல இருக்கா இல்லயான்னு தெரியாது, திடீர்னு இடுப்புலேர்ந்து சுரீர்னு இழுக்கும்னு கடகடன்னு வந்துச்சு. ஜட்ஜ் சமையல் மேட்டரயும் விடல, அதுக்கு ஸ்டூல், பீன்ஸ், படுக்குறது, குக்கர் எல்லாம் வந்துச்சு. நான் இவ்ளோ வருஷத்துல அவர் இப்படி பேசி கேட்டதில்ல.

அப்புறம் வொகேஷனல் எக்ஸ்பர்ட்னு ஒருத்தர், இப்படிப்பட்ட ஆள் என்ன வேல பாக்கலாம்னு சொல்றவர், கடைச் சரக்குல விலை ஸ்டிக்கர் ஒட்டலாம்னார். அவங்க பாக்குற வேலைப் பட்டியல் கடைசியா 1991ல புதுப்பிச்சதுன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. லாயர் ஒரே கேள்விதான் கேட்டார், ரெண்டு மணி நேரத்துக்கு மேல நிக்க முடியாதுன்னா அந்த வேல பாக்க முடியுமா? முடியாதுன்னு பதில்.

ஹியரிங்குக்கு ஒரு வாரம் முன்னாடி ஒண்ணு நடந்துச்சு, அத வச்சுதான் ஜெயிச்சோம்னு நெனைக்குறேன். வேலைய விட்டப்ப எங்க வீட்டுக்காரருக்கு 49, அந்த அக்டோபர்ல 50 ஆச்சு. 50 தாண்டினா ரூல் மாறுது, இவர மாதிரி ஸ்கூல் படிப்பு, உடம்பு உழைப்பு வேல, அந்தத் திறமை வேற வேலைக்கு ஒத்து வராதுன்னா உக்காந்து பாக்குற வேலைதான் முடியும்னு நிரூபிச்சாலே போதும். உடம்புக்கு முடியாம போச்சுன்னு கேஸ்ல சொன்ன தேதிய அம்பதாவது பொறந்தநாளுக்குத் தள்ளலாம், ஏழு மாச பணம் போயிடும், ஆனா கேஸ் நிக்கும், யோசிச்சு சொல்லுங்கன்னார் லாயர். எங்க வீட்ல ரெண்டு நாள் சண்ட. வரம்பு இருக்கதால அவர் ஃபீஸ் எப்படியும் அதேதான், நஷ்டம் முழுக்க எங்களுக்கு, அதையும் அவரே சொன்னார். கடைசில ஒத்துக்கிட்டோம்.

குறை இல்லாம இல்ல. ஒப்பந்தத்துல "தீர்ப்பு வர்றப்ப இருக்க உச்ச வரம்பு"ன்னு ஒரு வரி, கையெழுத்து போடும்போது 7,200, பிடிச்சது 9,200, அந்த வரிய அவர் வாய்விட்டு சொல்லல, நானும் படிக்கல. மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் வாங்கின செலவுக்கு தனியா பில் வந்துச்சு, அது ஃபீஸ்ல சேராது. போன் பண்ணா முக்காவாசி வாய்ஸ்மெயில்தான், வியாழக்கிழமைதான் திருப்பி கூப்பிடுவார், நான் திங்கள்லேர்ந்து போன கைலயே வச்சிட்டு அலைவேன். ஒரு ஸ்டார் அதுக்காக கட், நாலு.