பிரெஞ்சு வினைத்திரிபுச் செயலி: நெடுநாள் பயன்படுத்திய பிறகு

பிரெஞ்சு வினைச்சொற்கள் காலத்துக்கும் ஆளுக்கும் ஏற்ப எப்படி மாறும் என்று காட்டும் செயலி இது. அதன் ஆண்டுச் சந்தாவைப் பாதியாகக் குறைத்துவிட்டார்களாம். “நீங்கள் வைத்திருக்கிறீர்களே அண்ணா, வாங்கலாமா?” என்று பிரெஞ்சு படிக்கும் தம்பி ஒருவன் கேட்டான். அவனுக்கான பதில் இது. எத்தனை வினை, எத்தனை காலம் என்பதெல்லாம் செயலியின் பக்கத்திலேயே இருக்கிறது.

என் கோபம் ஒன்றின் மேல்தான். ஒவ்வொரு வடிவத்தின் கீழும் அசை பிரித்துக் காட்டுகிறார்கள். ‘பேசுகிறார்கள்’ என்பதற்கான வடிவத்தில் பி-ஏ-ஆர் ஒரு துண்டு, எல்-இ-என்-டி இன்னொரு துண்டு. அச்சில் வரி முடிவில் சொல்லை ஒடிக்க அது சரி. வாயில்? ‘இல் பார்ல்’. ‘இல்’ என்பது ‘அவர்கள்’; வினைக்கு ஓரசைதான். கடைசி இ-என்-டி ஒலிப்பதே இல்லை. ‘நான் பேசுகிறேன்’, ‘நீ பேசுகிறாய்’ என்பவற்றிலும் அதே ‘பார்ல்’. திரையில் இரண்டு துண்டைப் பார்க்கும் புதியவர் ‘பார்லான்’ என்றுதான் சொல்வார். அது ‘பேசிக்கொண்டு’ என்ற பொருளில் வரும் வேறு வடிவம்!

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். பிரான்சின் தெற்கே மர்செய், தூலூஸ் பக்கம் அந்த ‘இ’ லேசாக ஒலிக்கும். மரபுச் செய்யுளிலும் அசைக்கணக்கில் சேரும். ஆனால் செயலியில் பேசுபவர் தெற்கத்திக்காரர் இல்லை. ‘அழைக்கிறோம்’ வடிவத்தைத் திரை மூன்றாக வெட்டுகிறது. அவரோ ‘அப்லோன்’ என்று இரண்டிலேயே முடித்துவிடுகிறார். செயலிக்காரர்களுக்கு எழுதிக் கேட்டேன். அச்சு மரபுப்படிதான் பிரித்திருக்கிறோம் என்று பதில் வந்தது. சரி, அதை மறைக்கவாவது வழி உண்டா என்றால் அதுவும் இல்லை.

ஒலிப்பதிவு மட்டும் அற்புதம். வினையைத் தனியாகச் சொல்லாமல் எழுவாயோடு சேர்த்தே சொல்கிறார்கள். ‘அவன் நேசிக்கிறான்’: இ-லெம். ‘அவர்கள் நேசிக்கிறார்கள்’: இல்-ஸெம். நடுவில் அதிர்ந்து வரும் அந்த ‘ஸ்’ ஒன்றுதான் பன்மை என்று காட்டுகிறது. முன்சொல்லின் மெய், பின்சொல்லின் உயிரோடு சேர்ந்து புது அசையாகிறது. மெய்மேல் உயிர் ஏறுவதைப் பள்ளியிலேயே படித்த நமக்கு இது சட்டென்று பிடிபடும். அப்புறம் ‘செய்’ என்னும் வினை. ‘நான் செய்கிறேன்’ என்பதில் ‘ஃபெ’ என்று தெளிவாக ஒலிக்கும் ஏ-ஐ, ‘நாங்கள் செய்கிறோம்’ என்பதில் மங்கி ‘ஃபஸோன்’ ஆகிவிடும். எழுத்து அதேதான். இந்தச் செயலியில் கேட்டுத்தான் எனக்கு அது நாக்கில் படிந்தது.

இருந்தாலும் நீ வாங்காதே தம்பி, பாதி விலைக்கும் வேண்டாம். இலவசப் பதிப்பில் முதல் வகை வினைகளுக்கு, அதாவது ‘பேசு’, ‘நேசி’ போல இ-ஆர் என்று முடிபவற்றுக்கு, ஒலிப்பதிவு இருக்கிறது. திரையைப் பார்க்காமல் அதைக் கேள். ‘செய்’ போல ஒழுங்கு தப்பித் திரியும் மூன்றாம் வகை வினைகளுக்காக நான் மட்டும் சந்தா கட்டிக்கொண்டிருக்கிறேன். அசைப் பிரிப்பை மறைக்க ஒரு பொத்தான் வைத்தால், அன்றைக்கு வாங்கிக்கொள்.