அரசியலுக்குப் போக விரும்புபவர் எந்தக் கல்லூரியைப் பார்த்துவிட்டு வர வேண்டும்: புதுப்பாக்கமா, தாம்பரமா, டெல்லியா?

அரசியல்தான் என் தொழில் என்று பிளஸ் டூ படிக்கும்போதே முடிவு செய்துவிட்ட மாணவர்கள்கூட, கல்லூரியைப் பார்க்கப் போனால் கட்டணம், விடுதிச் சாப்பாடு, வளாக நேர்காணல் என்று எல்லாரும் கேட்பதையே கேட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். அவர்கள் விசாரிக்க வேண்டியவை வேறு. அங்கே மாணவர் தேர்தல் நடக்கிறதா, நடக்கவில்லையென்றால் தலைமை எப்படி உருவாகிறது, கல்லூரிக் கேட்டுக்கு வெளியே இருக்கும் உலகம் பிற்பாடு வாக்கு கேட்கப் போகும் உலகத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பவையே அவை. இந்த அளவுகோலில் புதுப்பாக்கத்தின் அரசு சட்டக் கல்லூரி, தாம்பரத்தின் சென்னைக் கிறித்தவக் கல்லூரி, டெல்லியின் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் (ஜே.என்.யூ.) ஆகிய மூன்றையும் பார்க்கலாம்.

முதலில் சட்டக் கல்லூரி. ப.சிதம்பரம், தொல்.திருமாவளவன் இருவரும் சென்னை சட்டக் கல்லூரியில் படித்தவர்கள். அதற்கு முன் இருவரும் மாநிலக் கல்லூரியில் பி.எஸ்சி. முடித்தவர்கள், முன்னவர் படித்தது புள்ளியியல், பின்னவர் படித்தது வேதியியல். ஆகவே அரசியலுக்கு வர அரசியல் அறிவியல் பட்டம்தான் வேண்டும் என்பதில்லை. ஆனால் அவர்கள் படித்த கல்லூரி இப்போது அந்த இடத்தில் இல்லை என்பதை, பெயரை நம்பி விண்ணப்பிக்கும் பலர் கவனிப்பதில்லை. 1891இல் தொடங்கி உயர் நீதிமன்ற வளாகத்தில் இயங்கிய டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி, 2008 நவம்பரில் நடந்த மாணவர் மோதலை விசாரித்த நீதிபதி சண்முகம் ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி, 2018இல் இரண்டாகப் பிரிந்து புதுப்பாக்கத்துக்கும் திருவள்ளூரை அடுத்த பட்டரைபெரும்புதூருக்கும் போய்விட்டது. வகுப்பு முடிந்ததும் நேரே நீதிமன்றத்துக்குள் நுழைந்து, பெரிய வழக்குகளின் வாதத்தைப் பின் வரிசையில் நின்று கேட்கும் வசதி அதோடு போயிற்று. எனவே புதுப்பாக்கத்தைப் பார்க்கப் போகிறவர் கட்டடத்தைச் சுற்றிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், அங்கிருந்து பஸ் ஏறி உயர் நீதிமன்றம் இருக்கும் பாரிமுனைக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். படிக்கும் காலத்திலேயே ஒரு சீனியர் வக்கீலின் அலுவலகத்துக்குப் போய் வர முடியுமா என்பதை அந்தப் பயணமே சொல்லிவிடும்.

தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் நேரடி மாணவர் தேர்தல் நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. அந்த வெற்றிடத்தில்தான் சென்னைக் கலைக் கல்லூரிகளில் பஸ் வழித்தடத்துக்கு ஒரு 'ரூட்டு தல', அதாவது அந்த பஸ்ஸில் வரும் மாணவர்களின் தலைவர், முளைத்தார். வாக்குச்சீட்டு இல்லாத தலைமை வேறு எப்படி வரும்? இருந்தாலும் தமிழ்நாட்டு அரசியல்வாதிகளை உருவாக்கியது கல்லூரித் தேர்தலைக் காட்டிலும் தெருப் போராட்டம்தான் என்று வாதிடவும் இடமுண்டு. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் மாணவர் தலைவர்களில் ஒருவரான பெ.சீனிவாசன், 1967இல் விருதுநகரில் காமராசரை 1,285 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார்.

தாம்பரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1837இல் பள்ளியாகத் தொடங்கி 1937இல் தாம்பரத்துக்கு வந்த கிறித்தவக் கல்லூரியின் வளாகம் 365 ஏக்கர். அங்கே விடுதியை 'ஹால்' என்பார்கள். பார்க்கப் போகிறவர் ஒரு மாலைப்பொழுதை சேலையூர் ஹாலிலோ பிஷப் ஹீபர் ஹாலிலோ கழித்து, பல மாநில மாணவர்கள் தங்களுக்குள் பேசித் தீர்க்கும் விவகாரங்களைக் கவனிப்பது நல்லது. ஆனால் காட்டுக்குள் இருப்பது போன்ற அந்த அமைதி சுகமானது என்பதே என் தயக்கம். அரசியல்வாதிக்கு அவ்வளவு நிம்மதி ஆகாது.

டெல்லிக்குப் போக நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, ஜே.என்.யூ.வில் இளங்கலை என்பது பெரும்பாலும் அயல்மொழிப் படிப்புகளே; அரசியல் படிக்க எம்.ஏ.வுக்குத்தான் போக வேண்டும், அதற்குப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். தாம்பரத்தில் படித்த மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் தலைவர் பிரகாஷ் காரத்கூட, எடின்பரோவில் முதுகலை முடித்த பிறகே ஜே.என்.யூ. சென்றார். தேர்தல் சமயத்தில் போனால் அங்கே கிடைக்கும் காட்சி வேறெங்கும் கிடைக்காது. தேர்தலை நடத்தும் ஆணையமே மாணவர்களால் ஆனது. இரவு உணவுக்குப் பிறகு வேட்பாளர் விடுதி மெஸ்ஸில் எழுந்து பேசுவார். தட்டில் ரொட்டியோடு இருப்பவர் கேட்கும் குறுக்குக் கேள்விக்கு அங்கேயே பதில் சொல்லியாக வேண்டும். தலைவர் பதவிக்கு நிற்பவர்கள் நள்ளிரவு தாண்டியும் ஒரே மேடையில் விவாதிப்பார்கள். கோவிட் காரணமாக நின்றுபோன தேர்தல் நான்கு ஆண்டுகளுக்குப் பின் 2024 மார்ச்சில் மீண்டும் நடந்தது. இதோடு ஒப்பிட்டால் டெல்லிப் பல்கலைக்கழகத் தேர்தல் பணபலத்தின் பாடம். 2024இல் சுவரொட்டிகளால் நகரை அசிங்கப்படுத்தியதற்காக, அவற்றை அகற்றும்வரை வாக்கு எண்ணிக்கையை டெல்லி உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது.

ஆனால் அந்த மேடையில் தேறியவர்கள் பின்னால் எங்கே போனார்கள்? ஜே.என்.யூ. மாணவர் பேரவைத் தலைவர்களாக இருந்த காரத், அவரது கட்சித் தோழர் சீதாராம் யெச்சூரி இருவரில் காரத் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்ததே இல்லை; யெச்சூரி மாநிலங்களவை வழியாகச் சென்றார். திருச்சி சீதாலட்சுமி ராமசாமி கல்லூரியில் பி.ஏ. முடித்து ஜே.என்.யூ.வில் எம்.ஏ. படித்த நிர்மலா சீதாராமனும் மாநிலங்களவை உறுப்பினரே. அதே பேரவையின் தலைவராக இருந்த கன்னையா குமார் 2019இல் பீகாரின் பேகுசராயிலும் 2024இல் வடகிழக்கு டெல்லியிலும் நின்று தோற்றார். மக்களவைக்கு வென்ற விதிவிலக்குகள் உண்டு என்றாலும், கொள்கை பேசவும் கட்சித் தலைமையகத்தில் இடம்பிடிக்கவும் ஜே.என்.யூ. தரும் பயிற்சி, ஒரு தொகுதியைக் கையில் வைத்துக்கொள்ளும் வித்தையைத் தருவதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. இன்னொரு நெருக்கடியும் உண்டு. மாணவர் தேர்தல்களுக்காக 2006இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற லிங்டோ குழு விதிகளின்படி, நிர்வாகி பதவிக்கு ஒருவர் ஒரே ஒரு முறைதான் போட்டியிடலாம். தோற்றுப்போய் அடுத்த முறை ஜெயிப்பது என்கிற, அரசியலில் மிகவும் தேவையான பாடத்துக்கே அங்கே வழியில்லை.

ஆகவே சொந்த ஊரில் நின்று ஜெயிக்க நினைப்பவருக்கு, தூரம் கூடிப்போன பிறகும், ஐந்தாண்டுச் சட்டப் படிப்பையே முதலில் வைப்பேன். டெல்லியை அதற்குப் பிறகு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். உள்ளாட்சித் தேர்தலில் நிற்க 21 வயது போதும், சட்டமன்றத்துக்கு 25 ஆக வேண்டும். அதாவது பட்டம் கைக்கு வருமுன்பே ஊராட்சி வார்டில் நிற்கலாம். அதற்கு ஊரில் வாரக்கணக்கில் இருந்தாக வேண்டும். சட்டப் படிப்பை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதியோ ஒவ்வொரு பாடத்துக்கும் 70 சதவீத வருகையைக் கேட்கிறது. கல்லூரியைப் பார்க்கப் போகும் அன்று, வருகைப்பதிவில் எவ்வளவு கறாராக இருக்கிறார்கள் என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்காமல், நான்காம் ஆண்டு மாணவர் ஒருவரைத் தேநீர்க் கடைக்கு அழைத்துப் போய்க் கேட்டுக்கொள்வது உத்தமம்.