பிரிக்காத பெட்டி என்றால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பழைய மாடல் விமான கிட் (மரப் பாகங்களை ஒட்டி நாமே கட்டிப் பறக்கவிடுவது) தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கார்ல் கோல்ட்பர்க் நிறுவனத்தின் ஃபால்கன் 56, அமெரிக்கச் சரக்கு, பிரிக்காத பெட்டி, கூடவே இன்ஜின் என்று ஒருவர் இணையத்தில் விளம்பரம் போட்டு விற்கிறார். 28,000 ரூபாய் கொடுத்து நான் வாங்கினேன். அதில் பெட்டி மட்டும்தான் அசல்.

ஏமாந்தவன் விவரம் தெரியாத பையன் என்றால் பரவாயில்லை. நான் கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியின் பேட்டர்ன் ஷாப்பில் 34 வருடம் வேலை பார்த்தவன். வார்ப்புக்கு மரத்தில் அச்சு செய்வதுதான் தொழில். ஒரு கட்டையைக் கையில் வாங்கினால் அது என்ன மரம், எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். ஆனால் இந்த மரத்தை நான் கையிலேயே வாங்கவில்லை. பெட்டியைத்தான் வாங்கினேன்.

ஃபால்கன் மீது எனக்கு ஏன் இந்தப் பித்து என்றால், கல்லூரியில் என்சிசி விமானப் பிரிவில் இருந்தபோது முதன்முதலில் பறக்கப் பார்த்த ரேடியோ விமானம் அதுதான். இறக்கை 56 அங்குலம். பெயரிலேயே அளவு இருக்கிறது. அப்போது ரிமோட் எல்லாம் 27 மெகாஹெர்ட்ஸ். இரண்டு பேர் ஒரே அலைவரிசையில் சுவிட்சைப் போட்டால் ஒருவருடைய விமானம் தலைகுப்புற வந்து விழும். அதனால் யார் எந்த அலைவரிசை என்று தெரிய ஏரியலில் கலர் துணி கட்டியிருப்பார்கள். இப்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் வந்துவிட்டது, துணிக்கு வேலை இல்லை. புகையில் வரும் ஆமணக்கெண்ணெய் வாசனை மட்டும் எனக்கு இன்னும் மூக்கிலேயே இருக்கிறது. மெத்தனாலோடு ஆமணக்கெண்ணெய் கலந்துதான் அந்த இன்ஜின்களை ஓட்டுவார்கள்.

விற்றவர் பெருந்துறைப் பக்கம் ஒரு பேக்கரிக்கு வரச் சொன்னார். வார்த்தைக்கு வார்த்தை 'ஏனுங்கண்ணா'. மறைந்த அப்பாவின் சேகரிப்பு என்றும், வைத்துக் காப்பாற்ற வீட்டில் ஆள் இல்லை என்றும் சொன்னார். கண்கூடக் கலங்கியது. பெட்டியைப் பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். பிரித்தால் சேகரிப்பாளர் மதிப்பு பாதியாகிவிடும், அப்புறம் நீங்கள் வேண்டாம் என்றால் நான் யாரிடம் விற்பேன் என்றார். நியாயமாகத்தான் பட்டது. கட்டிப் பறக்கவிடப் போகிறவனுக்குச் சேகரிப்பாளர் மதிப்பு எதற்கு என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. முன்பணம் 8,000 ஏற்கெனவே போனில் அனுப்பியிருந்தேன். மீதியை ரொக்கமாக எண்ணிக் கொடுத்தேன். டீக்குக் காசும் நானே கொடுத்தேன்.

அந்தப் பிளாஸ்டிக் உறையே காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். நாற்பது வருடத்துக்கு மேல் பெட்டியை இறுக்கிக்கொண்டிருந்த உறை என்றால் மஞ்சளடித்து, மொடமொடவென்று ஆகியிருக்கும். அது இழுக்கிற இழுப்பில் அட்டையே வளைந்திருக்கும். இதுவோ நேற்றுச் சுற்றியதுபோல் பளிச்சென்று இருந்தது. ஒரு ஹீட் கன் இருந்தால் கால் மணி நேர வேலை.

அடுத்த ஞாயிறு காங்கேயத்துக்குத் தெற்கே நாங்கள் பறக்கவிடும் காட்டுக்கு எடுத்துப் போனேன். கிளுவை வேலி போட்ட கொறங்காடு. மாடு மேயாத நாளில் காட்டுக்காரர் விடுவார். ஆனி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஒன்பது மணிக்கே தூக்கிவிடும் என்பதால் விடிந்தவுடன் போய்விடுவோம். எல்லோரும் சுற்றி நிற்க, பூசை போடாத குறையாகப் பெட்டியைப் பிரித்தேன். திருப்பூரில் பெயர்ப்பலகை வெட்டும் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் ஒரு ரிப்பை, அதாவது இறக்கைக்கு வடிவம் கொடுக்கும் குறுக்குச் சட்டத்தை, கையில் எடுத்தார். ஓரத்தை விரலால் தேய்த்தார். விரல் கருப்பானது. "அண்ணா, இது லேசரில் வெட்டினது. என் கடையில் பிளைவுட் வெட்டினால் இதே கரிதான் வரும்" என்றார்.

அந்தக் காலத்துக் கிட்டுகளில் பாகங்களை இரும்பு அச்சை வைத்து அழுத்தி வெட்டுவார்கள். அச்சு மழுங்கியிருந்தால் ஓரம் நசுங்கி நார் நாராக நிற்கும். அதைத் திட்டாத ஆள் கிடையாது. நசுங்கல் இருந்தால் அசல். கரி இருந்தால், 70களின் பெட்டிக்குள் லேசர் எப்படிப் போனது என்று கேட்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து நகைத் தராசில் நிறுத்தேன். மூன்றங்குல அகலம், 36 அங்குல நீளம், 1/16 அங்குலக் கனமுள்ள பலகை, மாடல் விமானம் கட்டும் லேசான மரமான நல்ல பால்சாவாக இருந்தால் 14 முதல் 18 கிராம் நிற்கும். இது 45 கிராம். இழைப்பும் வாசனையும் மலைவேம்பு மாதிரி இருந்தது. நம் பக்கம் பிளைவுட்டுக்காகத் தோப்புத் தோப்பாக நட்டிருக்கிறார்களே, அதே மரம். ஈக்வடாரிலிருந்து வரும் பால்சா என்று சொல்லி மலைவேம்பை விற்ற துணிச்சலை என்ன சொல்வது! இதை வைத்துக் கட்டினால் விமானம் இரண்டு மடங்கு கனக்கும். அதிலும் வால் பக்கம் கனத்தால் மூக்கில் ஈயத்தைக் கட்டித்தான் சமன் செய்ய வேண்டும். அப்புறம் அது பறக்காது, கல்லெறிந்த மாதிரி போகும்.

உள்ளே இருந்த பிளான், அதாவது பார்த்துக் கட்டும் வரைபடம், ஜெராக்ஸ். அதுவும் சுருங்கிய ஜெராக்ஸ். இறக்கையின் இரண்டு பாதியையும் கூட்டி அளந்தால் 54 அங்குலத்தைத் தாண்டவில்லை. வார்ப்பு ஆறும்போது சுருங்கும் என்று கணக்குப் பார்த்து, நூற்றுக்கு ஒரு பங்கு நீட்டிய அளவுகோலை வைத்துக் காலம் முழுக்க வேலை செய்தவன் நான். சுருக்கத்தைப் பற்றி எனக்கே பாடம் எடுத்துவிட்டார்.

இன்ஜினைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைத் தனியாகவும் விற்கிறாராம். பழைய இன்ஜின் இறுகிப்போயிருந்தால் பயப்பட வேண்டியதில்லை. ஆமணக்கெண்ணெய் காய்ந்து பிசினாகப் பிடித்திருக்கும். பதமாகச் சூடு காட்டினால் விட்டுக்கொடுக்கும். லொடலொடவென்று சுற்றுகிற இன்ஜினுக்குத்தான் பயப்பட வேண்டும். எனக்கு வந்தது அப்படித்தான் சுற்றியது, கம்ப்ரஷனே இல்லை. வெளியே புதிதுபோல் மின்ன வேண்டும் என்று கண்ணாடித் தூளைப் பீய்ச்சி அடித்திருக்கிறார்கள். தூள் உள்ளேயும் புகுந்து, சிலிண்டரில் மேலும் கீழும் கோடு போட்டிருந்தது. தூக்கிப் போடுகிற துருப்பிடித்த இன்ஜின்கூட இதைவிட மேல்.

போன் செய்தேன். முதல் தடவை எடுத்து, அப்பா காலத்துச் சரக்கு, எனக்கென்ன தெரியும் அண்ணா என்றார். இரண்டாம் தடவை எடுக்கவில்லை. மூன்றாம் தடவை என் எண்ணே அவரிடம் போகவில்லை. சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைத்து, போனில் அனுப்பிய 8,000 ரூபாய்க்குப் புகார் பதிந்திருக்கிறேன். ரொக்கத்துக்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்கள், என்னிடம் பதில் இல்லை. காவல் நிலையத்தில் ஒருவர், இது டிரோனா, அனுமதி வாங்கியிருக்கிறீர்களா என்று என்னையே விசாரித்தார். பறந்தால்தானே ஐயா அனுமதி என்றேன். சிரித்துவிட்டு மனுவை வாங்கிக்கொண்டார்.

போன வாரம் புது விளம்பரம் பார்த்தேன். ஊர் பொள்ளாச்சி என்று போட்டிருக்கிறது, பெயர் வேறு, விலை 32,000. அப்பாவுக்குப் பதில் இந்த முறை மாமனார் காலமாகியிருக்கிறார். படத்தில் பெட்டியின் வலது கீழ் மூலையில் ரூபாய் அளவுக்கு ஒரு நீல மைக்கறை தெரியும், பெரிதாக்கிப் பாருங்கள். அந்தக் கறையுள்ள பெட்டி எங்கள் வீட்டு அட்டாலியில் இருக்கிறது.