எலக்ட்ரோஸ்டேட்டிக் ஸ்பீக்கரில் பேஸ் வருமா? ஏழு வருஷமாக வைத்திருப்பவனின் பதில்

எங்கள் வீட்டு ஹாலில் நிற்கும், கூம்பு வடிவக் கோனுக்குப் பதில் மின்னேற்றிய தட்டையான ஃபிலிம் அதிர்ந்து ஒலிக்கும் எலக்ட்ரோஸ்டேட்டிக் ஸ்பீக்கர்களை வருபவர்கள் பெரும்பாலும் தடுப்புத் தட்டி என்றுதான் நினைக்கிறார்கள். ஆடியோ ஆர்வம் உள்ளவர்கள் வந்தால் மட்டும் நேராக விஷயத்துக்கு வந்துவிடுவார்கள்: “எல்லாம் சரி, பேஸ் வருமா?” பேஸ், அதாவது கனத்த அடி ஒலி. வாங்கும்போது எனக்கும் அதே கவலைதான்.

என்னிடம் இருப்பது குவாட் இ.எஸ்.எல் 2905. பெங்களூரில் வீடு மாற்றிப் போன ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கினேன். வாங்குமுன் ஆறு மாதம் அலைந்தேன். மார்ட்டின் லோகன் என்ற ஸ்பீக்கர் நிறுவனம் பெயர் பெற்றதே ஹைப்ரிட் வகையால்தான்: மேலே ஃபிலிம் பேனல், கீழே பேஸுக்காகப் பெட்டிக்குள் கோன் வூஃபர். அந்த வகை ஒன்றை நண்பர் வீட்டில் இரண்டு முறை உட்கார்ந்து கேட்டேன். எண்பதுகளின் சினிமாப் பாட்டுகளில் பேஸ் கிட்டார் அள்ளியது. ஆனால் மிருதங்கத் தனி ஆவர்த்தனம் போட்டபோது என் காதுக்கு ஏதோ உறுத்தியது. மிருதங்கத்தின் வலது பக்க வலந்தலை ஓர் இடத்திலிருந்தும் இடது பக்கத் தொப்பி வேறோர் இடத்திலிருந்தும் வருகிற மாதிரி. தொப்பியை அழுத்தி ஒலியை வளைக்கும் கும்கியின் இழுப்பில் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. எல்லோருக்கும் இது உறுத்தும் என்று சொல்ல மாட்டேன். கச்சேரி கேட்டே வளர்ந்தவனுக்கு உறுத்துகிறது.

சரி, முழுவதும் ஃபிலிமாகவே இருந்தால்? அங்கேதான் இயற்பியல் குறுக்கே வருகிறது. துளையிட்ட இரண்டு தட்டுகளுக்கு நடுவே, ஆயிரக்கணக்கான வோல்ட் ஏற்றிய மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிம். இடைவெளி சில மில்லிமீட்டர்தான் என்பதால் கோன் மாதிரி அது நெடுந்தூரம் முன்னும் பின்னும் ஓட முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல், பெட்டி கிடையாது. ஃபிலிம் முன்னால் தள்ளும் காற்றுக்கு நேர் எதிராகப் பின்னாலும் ஓர் அலை கிளம்புகிறது. ஆழமான பேஸான 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டர். முக்கால் மீட்டர் அகலப் பேனல் அதற்கு ஒரு தடையே இல்லை. பின் அலை சுற்றி வந்து முன் அலையைத் தின்றுவிடும். மார்ட்டின் லோகனே ஹைப்ரிட் இல்லாமல் செய்த பெரிய சி.எல்.எக்ஸ் 56 ஹெர்ட்ஸோடு நின்றுகொள்கிறது.

குவாட் நிறுவனர் பீட்டர் வாக்கரின் முதல் குவாட் எலக்ட்ரோஸ்டேட்டிக் 1957-இல் விற்பனைக்கு வந்து 1985 வரை ஓடியது. வாங்குமுன் நான் பார்த்த குவாட் 2805-உம் 2905-உம் 1981-இல் வந்த இ.எஸ்.எல் 63 மாடலின் வாரிசுகள். ஒலி, பேனலுக்கு ஓர் அடி பின்னால் உள்ள ஒரு புள்ளியிலிருந்து கிளம்புவது போலத் தோன்ற வைக்கும் அந்த வளைய அமைப்பு இரண்டிலும் உண்டு. 2805-இல் நான்கு பேனல், 2905-இல் ஆறு. கூடுதல் இரண்டும் பேஸுக்கு. அதனால்தான் உயரமானதை எடுத்தேன்.

எடுத்தும் முதல் வருஷம் ஏமாற்றம்தான். வீட்டில் நடக்க இடம் வேண்டுமே என்று சுவரிலிருந்து இரண்டடியில் வைத்திருந்தேன். குரல் அப்படியே எதிரே உட்கார்ந்து பாடியது; தொப்பி மட்டும் அட்டைப் பெட்டியைத் தட்டின மாதிரி. பொறுக்காமல் பேஸுக்கு மட்டுமான தனி ஸ்பீக்கராக 12 அங்குல சப்வூஃபர் ஒன்று வாங்கினேன். தொம் என்று வந்தது, ஆனால் பாட்டோடு வரவில்லை. கச்சேரிக்குத் தாமதமாக வந்த மனிதர் மாதிரி பின்னாலேயே வந்தது. மூன்று மாதத்தில் விற்றுவிட்டேன். நஷ்டம்.

வழி காட்டியது நவராத்திரிக் கொலு. ஸ்பீக்கர் இருந்த சுவரில்தான் படி கட்ட வேண்டும் என்று மனைவி சொல்லிவிட்டாள். இரண்டையும் இழுத்து ஹாலின் நடுப்பக்கமாக நிறுத்தினேன், சுவரிலிருந்து ஐந்தடி. அன்று இரவு எல்லோரும் தூங்கிய பிறகு அதே தனியைப் போட்டேன். தொப்பி இறங்கியது. ரவை பூசிய தோல் கையோடு ஒட்டிப் பிரிகிற அந்த ஈரமான ஒலி, முதல் முறையாக என் வீட்டில்.

முதலில் பொம்மைகள்தான் ஒலியைச் சிதறடித்து உதவுகின்றன என்று நினைத்தேன். படியைப் பிரித்த பிறகும் பேஸ் அப்படியே இருந்தது. அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெட்டி ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டினால் பேஸ் கூடும், இதில் தலைகீழ். பின் அலை எதிர்த் திசையில் கிளம்புவதால், சுவருக்குப் போய்த் திரும்பும் தூரம் அரை அலைநீளமாக இருந்தால்தான் அது முன் அலையோடு கைகோக்கும். இரண்டடியில் அது நடப்பது 140 ஹெர்ட்ஸில். ஐந்தடியில் 56-இல். நான் ஒரு வருஷமாக, பேஸ் சேர வேண்டிய இடத்தில் அதை அழித்துக்கொண்டு, மேலே வேண்டாத இடத்தில் கூட்டிக்கொண்டிருந்தேன்.

பக்கவாட்டில் இவை அநேகமாக ஒலிப்பதே இல்லை என்பதும் பெரிய வரம். என் ஹாலின் அகலம் பதினைந்து அடி. முன்பிருந்த பெட்டி ஸ்பீக்கர்கள் 37 ஹெர்ட்ஸ் பக்கம் அறையையே உறுமவைக்கும். இப்போது அது இல்லை. புதிதாகக் கேட்பவர்கள் பேஸ் குறைவு என்று சொல்வதில் பாதி, அந்த உறுமல் இல்லாததைத்தான்.

மீதிப் பாதி நிஜம். மைக் வைத்து அளந்தால் 40-க்குக் கீழே சரசரவென்று இறங்கிவிடுகிறது. பைப் ஆர்கன், சினிமா வெடிச்சத்தம் இதெல்லாம் வேண்டுமென்றால் இது உங்களுக்கு இல்லை. சத்தத்துக்கும் எல்லை உண்டு. அக்கா பையன் குத்துப்பாட்டு போட்டு வால்யூமை ஏற்றியபோது பாதுகாப்புச் சுற்று குறுக்கிட்டு அவனை அடக்கியது. அதில் எனக்கு ரகசியமாகச் சந்தோஷம். ஐந்தாம் வருஷம் மூடிய பெட்டியில் சிறிய சப் இரண்டு வாங்கி, 45 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் மெல்லச் சேர்த்தேன். படம் பார்க்கும்போது போடுவேன். கச்சேரிக்கு அணைத்துவிடுவேன்.

ஆம்ப்ளிஃபையர் விஷயத்தில் ஒன்று: இவை கெபாசிட்டர் மாதிரி நடந்துகொள்பவை, உச்ச அலைவரிசைகளில் இம்பீடன்ஸ், அதாவது மின்னோட்டத்துக்கு இவை காட்டும் எதிர்ப்பு, விழும். பழைய வால்வு ஆம்ப் அங்கே மங்கியது, மாற்றினேன். தூசியும் ஆகாது. சுவருக்குப் பட்டி தேய்த்த அன்று மூடி வைக்க மறந்தது முழுக்க என் தப்பு. ஒரு பேனலில் டிக் டிக் என்று ஆரம்பித்து, கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று. மழைக்காலத்தில் ஈரம் உறிஞ்சும் மெஷின் ஓடுகிறது.

ஐந்தடி இடத்தில் தரையில் டேப் ஒட்டிக் குறி வைத்திருக்கிறேன். இந்த வருஷம் ஒன்பது படி கட்டலாம் என்று வீட்டில் பேச்சு. படி நீண்டு ஸ்பீக்கர் ஆறடிக்குத் தள்ளிப் போனால் 47 ஹெர்ட்ஸ். நான் மறுப்பு எதுவும் சொல்லவில்லை.