இரண்டு பூட்டு, எந்த வரிசையிலும்: எக்ஸாரா, அடுக்கா, எலிப்டிக் கர்வா?

நான் பெட்டியைப் பூட்டி அனுப்புகிறேன். நீங்கள் உங்கள் பூட்டையும் மாட்டித் திருப்பி அனுப்புகிறீர்கள். நான் என்னுடையதைக் கழற்றி மறுபடி அனுப்ப, நீங்கள் திறந்துகொள்கிறீர்கள். சாவி கைமாறவே இல்லை. மறையாக்க அறிஞர் ஷமீரின் மூன்று நடை நெறிமுறை இதுதான். பள்ளிக் கணக்கில் வரும் பரிமாற்றுப் பண்பு (வரிசை மாறினாலும் விடை மாறாதது) மறையாக்கத்துக்கும் இருந்தால்தான் இது நடக்கும். ஏஇஎஸ் என்ற பரவலான மறையாக்க முறையை அப்படியே இரண்டு முறை போட்டால் மேல்பூட்டைத் திறக்காமல் அடிப்பூட்டைத் தொட முடியாது.

எக்ஸாருக்கு (இரண்டு பிட் வேறுபட்டால் 1, ஒத்திருந்தால் 0) அந்தப் பண்பு உண்டு, வேகமும் உண்டு. ஆனால் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. செய்தி 1011, என் சாவி 0110, உங்கள் சாவி 1100 என்று வையுங்கள். வழியில் போகிறவை 1101, 0001, 0111. இந்த மூன்றையும் எக்ஸார் செய்தால் 1011! ஒட்டுக்கேட்பவருக்குச் சாவியே வேண்டாம்.

அடுத்தது, 1978இல் வெளியான போலிக்-ஹெல்மன் முறை: செய்தியைச் சாவியின் அடுக்குக்கு உயர்த்தி, ஒரு பகா எண்ணால் வகுத்த மீதியை மட்டும் எடுப்பது. பகா எண் 23, செய்தி 5, என் சாவி 3, உங்கள் சாவி 7. முதலில் 10, பிறகு 14, என் பூட்டைக் கழற்றியதும் 17; அதை உங்கள் 7ஐத் திறக்கும் எண்ணான 19ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் மறுபடி 5. நிஜத்தில் பகா எண் 2048 பிட்டாவது இருக்க வேண்டும். ஷமீர், ரிவெஸ்ட், ஏடல்மன் மூவரும் 1979இல் நேரில் சந்திக்காமலே சீட்டு ஆடும் 'மனப் போக்கர்' முறையை இதை வைத்துத்தான் அமைத்தார்கள். அதில் ஒரு கசிவைக் கணினி அறிஞர் லிப்டன் காட்டினார். சாவி எப்போதும் ஒற்றைப்படை என்பதால், வர்க்கமல்லாத எண் (எந்த எண்ணின் வர்க்கத்துக்கும் மீதியாக வராதது) பூட்டிய பிறகும் வர்க்கமல்லாததாகவே இருக்கும். மேலே உள்ள 5, 10, 14, 17 நான்குமே 23இன் கணக்கில் வர்க்கமில்லை. சீட்டாட்டத்தில் இந்த ஒரு பிட் போதும், எதிராளி சீட்டுகளை இரண்டாகப் பிரித்துவிடுவார். எல்லாச் சீட்டுக்கும் வர்க்க எண்களையே கொடுத்தால் ஓட்டை அடைபடும்.

இரண்டு பகா எண்களின் பெருக்கலை வைத்து இயங்கும் ஆர்எஸ்ஏவா? இருவரும் ஒரே மாடுலஸை, அதாவது அந்தப் பெருக்கற்பலனை, பகிர வேண்டும். தன் சாவி ஜோடி கையில் இருக்கிறவர் அதைக் காரணிப்படுத்திவிடலாம். சரி, விடுங்கள்.

இரண்டு பட்டியல்களில் பொதுவான பெயர்களை மட்டும் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் நான் எடுப்பது எலிப்டிக் கர்வ், அதாவது ஒரு வளைவின் புள்ளிகளை வைத்துச் செய்யும் மறையாக்கம். 256 பிட் போதும், கணக்கும் வேகம். பெயரை ஹேஷ் செய்து (திருப்ப முடியாத எண்ணாக மாற்றி) வளைவின் புள்ளியாக்கி, இருவரும் தங்கள் ரகசிய எண்ணால் பெருக்கி, இரட்டைப் பூட்டு போட்டவற்றை ஒப்பிட்டால் வேலை முடிந்தது. இங்கே யாரும் எதையும் திறப்பதே இல்லை. செய்தியைத் திரும்ப எடுக்க வேண்டிய வேலை என்றால் மட்டும் புள்ளியாக்குவது தலைவலி; அங்கே பழைய அடுக்கு முறையே எளிது.

அப்புறம் ஒன்று: திரும்பி வந்த பெட்டியில் தொங்குவது உங்கள் பூட்டா, நடுவில் புகுந்தவன் பூட்டா என்பதை இவற்றில் எதுவும் சொல்லாது. அதற்கு டிஜிட்டல் கையொப்பத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.